கணிப்பொறிக் கூடத்தின் கதவைத் திறந்த ஜான் கெமெனி

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசனார் போன்ற பெருமக்களின் வரலாறுகளை வாசகர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவை இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. இப்பக்கங்களில் நாம் எழுதப் புகுந்திருப்பதோ, ஹங்கேரி நாட்டில் பிறந்து, அமெரிக்க நாட்டில் வாழ்ந்து, 1992ஆம் ஆண்டில் மறைந்த ஒரு கணிதப் பேராசிரியரின் வரலாறு. ஜான் ஜார்ஜ் கெமெனி என்பது அவர் பெயர். அவர் புதுவையைச் சேர்ந்தவரும் அல்லர். நம் சமுதாயத்துக்கென எதுவும் செய்தவரும் அல்லர். எனினும் அவரை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்று நாம் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் சில ஆண்டுகளாக மாலை நேரக் கணிப்பொறி வகுப்பு நடைபெற்று வருவதை அன்பர்கள் அறிவர். தொடக்க ஆண்டில் அவ்வகுப்புக்கு வந்தவர்களுள் ஒரு பெண் இருந்தாள். தமிழ்வழியில் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவள். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பை, அதாவது புரோகிராம் எனப்படும் நிரலை, அவள் முதன்முதலாகத் தட்டெழுதிய நாளன்று ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டாள். உடனே திரை முழுதும் ஆங்கிலத்தில் பிழைச்செய்திகள் நிரம்பின. பிழை நேர்ந்த இடம் ஒன்று. செய்திகள் சுட்டிய இடம் வேறொன்று. சிறிது நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இக்கல்வி தனக்கு வாராது என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மறுவாரம் வரவில்லை. இரண்டு திங்கள் கழித்து அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அறிந்தோம். அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நாமும் அன்று முடிவு கட்டி, அத்துடன் விட்டுவிட்டோம். அது நம் பிழை. பிழை என்பது கெமெனியின் வரலாற்றைப் படித்த பின்னரே நமக்கு விளங்கியது.

கெமெனி 1926ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வணிகர். மகன் பிறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1920இல், அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. மக்கள் தொகையில் ஓர் இனத்தாரின் விகிதம் எவ்வளவோ அவ்வளவுக்கு மேல் அவ்வினத்தாரைப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கலாகாது என்பது அச்சட்டம். யூத இளைஞர்களைக் குறிவைத்தே அது வந்தது. விகிதக் கணக்கைக் கதவு திறக்கும் கருவியாகவே நாம் அறிந்திருக்கிறோம். அதே கணக்கைக் கொண்டு கதவை அடைக்கவும் கூடும் என்பதற்கு ஹங்கேரி சான்று.

1938 முதல் யூதர்கள் தொழில் செய்யவும் பதவி வகிக்கவும் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இட்லரின் படைகள் அண்டை நாடாகிய ஆஸ்திரியாவில் புகுந்ததும் அவ்வாண்டே. வரவிருப்பதை உணர்ந்த தந்தை முதலில் தாம் மட்டும் அமெரிக்கா சென்றார். 1940இல் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார். பாட்டனார் பிறந்த மண்ணை விட்டு வர மறுத்துவிட்டார். அவரும் நெருங்கிய உறவினர் சிலரும் பின்னர் நாஜிகளின் இனப்படுகொலைக்கு இரையாயினர்.

ஆங்கிலம் அறியாச் சிறுவனாக நியூயார்க்கு நகரில் வந்திறங்கிய கெமெனி, ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் இருப்பதும் அந்நகரின் அதே மன்ஹாட்டன் தீவில்தான் என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றுகொண்டிருந்தபோது போர் அவரை அழைத்தது. நியூ மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்தில் லாஸ் அலமோஸ் என்னுமிடத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கீட்டுப் பிரிவில் அவர் பணியமர்த்தப்பட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபெயின்மன் அங்கு அவருக்கு மேலவர். அங்கிருந்தவை, துளையிட்ட அட்டைகளை உட்கொண்டு கூட்டியும் பெருக்கியும் தரும் எந்திரங்கள். ஆட்கள் இரவு பகலாக முறை வைத்து அட்டைக்கட்டுகளை ஓர் எந்திரத்திலிருந்து மற்றோர் எந்திரத்துக்குச் சுமந்து சென்றனர். ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில் ஆகும். அங்கு ஓராண்டு முழுதும் செய்த கணக்குகளைத் தம் கல்லூரியின் இளங்கலை மாணவன் ஒருவன் ஒரே பிற்பகலில் முடித்துவிடுவான் என்று பிற்காலத்தில் அவர் காட்டினார். அத்திட்டத்தின் பயனாக ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நேர்ந்ததை மறைத்துவிட்டு இவ்வரலாற்றை எழுத நமக்கு மனமில்லை. இருபது வயதும் நிரம்பாத இளைஞராக அப்பெரும் பணியில் அவரும் ஒரு சிறு கையாக இருந்தார்.

1949இல், இருபத்துமூன்றாம் வயதில், அலோன்சோ சர்ச் என்னும் தருக்கவியல் அறிஞரின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அதே காலத்தில் ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராகவும் விளங்கினார். 1953இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் என்னும் சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராகி, இரண்டே ஆண்டுகளில் கணிதத் துறையின் தலைவரானார். சமூக அறிவியல் மாணவர்க்கும் பயன்படும் கணிதத்தை எளிமையாகத் தொகுத்து, மற்றிருவருடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட பாடநூல் பெரும்புகழ் பெற்றது.

அக்காலத்தில் கணிப்பொறி இருந்த நிலையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வது அரிது. பெரியதொரு கூடத்தில், குளிரூட்டிய அறையில், எந்திரம் வீற்றிருக்கும். அதனருகே செல்ல உரிமை பெற்றவர் மிகச் சிலர். ஏனையோர் தம் நிரலை அட்டைகளில் துளையிட்டு வெளியே நிற்பவராய் உள்ளே கொடுத்தனுப்ப வேண்டும். விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் அதைத் திருத்தி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். கருவறைக்கு வெளியே நின்று தட்டை நீட்டிய பட்டறிவும், கோயில் வாசலுக்கே வரவிடாமல் நிறுத்தப்பட்ட பட்டறிவும் உடைய நம்மவர்க்கு இம்முறையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

டார்ட்மத்தின் நிலை இன்னும் மோசம். அங்குக் கணிப்பொறியே இல்லை. கெமெனியின் துறையில் 1956இல் சேர்ந்த தாமஸ் கர்ட்ஸ் என்னும் இளைஞர், ஒரு பெட்டி நிறைய அட்டைகளுடன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரயிலேறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று, கணக்கை ஓட்டிப் பிழையுடன் திரும்புவார். 1959இல் கல்லூரிக்கு ஒரு சிறு கணிப்பொறி வாய்த்தது. அதை மாணவர்களிடமே விட்டபோது, எவரும் எதிர்பாராத திறமையுடன் அவர்கள் அதைக் கையாண்டனர். இதை இரு ஆசிரியர்களும் கூர்ந்து கவனித்தனர்.

அதன் பயனாக அவர்கள் எடுத்த முடிவு அந்நாளில் பலருக்கு விந்தையாகத் தோன்றியது. டார்ட்மத்தில் அறிவியல் பயின்றவர் நால்வரில் ஒருவரே. மற்ற மூவர் வரலாறு, இலக்கியம், பொருளியல் பயின்றவர்கள். நாளை சட்டம் இயற்றவும் தொழில் நடத்தவும் போகிறவர்கள் அம்மூவரே. கணிப்பொறியைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் அதைத் தொட்டும் பாராதவர்களாய் இருத்தல் தகாது. ஆகவே கணிப்பொறி நூலகத்தைப் போல எல்லா மாணவர்க்கும், கட்டணமின்றி, அனுமதிச் சீட்டின்றித் திறந்திருக்க வேண்டும் என்பதே அம்முடிவு.

நூலகத்தை அவர்கள் உவமையாகக் கொண்டது நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. இன்று ரோமன் ரோலன் பெயரால் வழங்கும் நம் புதுவை நூலகம் 1827இல் தொடங்கப்பட்டது. முதலில் அது ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியதாய் இருந்து, பின்னரே இந்தியர்க்கும் திறக்கப்பட்டது. பெரிய வாய்க்காலுக்கு இப்புறம் வாழ்ந்தவன் அப்புறத்து நூலைத் தொடுவதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது. நூலில் இருந்த எழுத்து ஆணைக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? ஒரே எந்திரத்தை நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்துவது எங்ஙனம்? இதற்கு அவர்கள் மேற்கொண்டது நேரப் பகிர்வு என்னும் முறை. ஓராசிரியர் பள்ளியை நம் பெரியோர் அறிவர். ஒரே ஆசிரியர் முதல் வகுப்புக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதும் நேரத்தில் இரண்டாம் வகுப்பைக் கவனித்து, மூன்றாம் வகுப்பின் பலகையைத் திருத்தி மீள்வார். எந்திரமும் அங்ஙனமே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நொடியின் சிறு பகுதியை ஒதுக்கிச் சுற்றி வரும். அதன் விரைவு காரணமாக ஒவ்வொருவனும் அது தனக்கே உழைப்பதாக உணர்வான். அரசின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டபோது, இளங்கலை மாணவர்களைக் கொண்டு இத்தகைய பணியை முடிக்க இயலுமா என்று ஐயுற்றோர் இருந்தனர். நிதி கிடைத்தது, பணியின் பெரும்பகுதியை மாணவர்களே முடித்தனர்.

அடுத்தது மொழி. இதுவே நம் பொருளின் உயிர்நிலை.

அந்நாளில் அறிவியலார் வழங்கிய ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியில், ஒன்று முதல் பத்து வரை இரண்டிரண்டாக எண்ணச் சொல்ல வேண்டுமாயின், ஒரு கட்டளைச் சொல்லையும் ஓர் அடையாள எண்ணையும் அடுத்து மூன்று எண்களையும் காற்புள்ளிகளுடன் குறித்த ஒழுங்கில் இட வேண்டும். எக்காற்புள்ளி எங்கு வரும், எவ்வெண் முன், எவ்வெண் பின் என்று பயிலாதவன் நினைவில் கொள்வது கடினம். கெமெனியும் கர்ட்ஸும் அதை ஃபார், டு, ஸ்டெப் என்னும் மூன்று சிறு சொற்களாக்கினர். ஒன்றிலிருந்து பத்து வரை, அடிக்கு இரண்டு என்று பேசுவது போலவே எழுதிவிடலாம். முழு எண்ணுக்கு ஒரு வகை, பின்ன எண்ணுக்கு ஒரு வகை என்ற பாகுபாட்டை நீக்கினர். எண் என்றால் எண்தான். ஒவ்வொரு வரிக்கும் 10, 20, 30 என்று எண்ணிட்டனர். இருபதாம் வரி பிழைத்தால் 20 என்று எழுதி அவ்வரியை மட்டும் மீண்டும் அடித்தால் போதும். இடையில் ஒன்று சேர்க்க வேண்டுமானால் 25 என்று எழுதினால் அது தானே உரிய இடத்தில் அமரும். எந்திரத்தில் நுழைவதற்கு முதலில் அடிக்க வேண்டிய சொல் ஹலோ. விடைபெறும் சொல் குட்பை. மொழி முழுதும் பதினைந்து கட்டளைகளுக்கு மேற்படவில்லை. முதற்பாடம் கேட்டவன் அன்றே ஒரு நிரலை ஓட்டிப் பார்க்கலாம்.

பிழைச்செய்திகளில் அவர்கள் காட்டிய கவனத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஒரு பிழைதான் சுட்டப்படும். ஒரு முறைக்கு ஐந்து பிழைகளுக்கு மேல் அச்சாகாது. அவையும் மாணவன் அறிந்த சொற்களில், வரி எண்ணுடன் வரும். முதல் நாள் மாணவன் எதிரே ஒரு பக்கம் முழுதும் குற்றப் பத்திரிகை நீட்டுவது கல்வியாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் வகுப்பிலிருந்து எழுந்து போன பெண்ணை நாம் நினைத்துக்கொண்டது இவ்விடத்தில்தான். அவள் முன் நிரம்பிய செய்திகள், ஏற்கெனவே அறிந்தவனுக்காக, அறிந்தவனால் எழுதப்பட்டவை. அவற்றை வேறு விதமாக எழுதியிருக்கவும் கூடும். 1964லேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

தொடக்கநிலையாளர்க்கான, எல்லாப் பணிக்கும் ஏற்ற குறியீட்டுக் கட்டளை முறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அம்மொழிக்குப் பேசிக் என்று பெயரிட்டனர். 1964ஆம் ஆண்டு மே முதல் நாள், விடியற்காலை நான்கு மணியளவில், கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், கெமெனியும் ஒரு மாணவரும் இரு தட்டச்சுக் கருவிகளின் முன் அமர்ந்து தத்தம் நிரலை ஒரே வேளையில் ஓட்டினர். இருவர்க்கும் சரியான விடை வந்தது. உலகத் தொழிலாளர் நாளன்று இது நிகழ்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். நமக்கு அது பிடித்திருக்கிறது.

பேசிக் மொழியை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டனர். அண்மையிலிருந்த பள்ளிகளுக்கும் தொலைபேசிக் கம்பி வழியே கல்லூரியின் கணிப்பொறி இணைக்கப்பட்டது. 1975இல் வீட்டில் வைக்கத்தக்க சிறு கணிப்பொறி வந்தபோது, பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்கென எழுதி விற்றது பேசிக் மொழியின் ஒரு வடிவமே. அவர்கள் நிறுவனம் வளர்ந்த கதையை உலகறியும். 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கியபோதும், இங்கிலாந்திலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளில் மாணவர்கள் முதலில் அடித்தது இம்மொழியைத்தான்.

குறை சொன்னவர்களும் உண்டு. நெதர்லாந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக் பயின்ற மாணவனை நல்ல நிரலாளனாக்குவது இயலாத செயல் என்று 1975இல் கடுமையாக எழுதினார். வரியிலிருந்து வரிக்குத் தாவும் பழக்கம் நிரலைச் சிக்கலாக்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கெமெனியும் கர்ட்ஸுமே மொழியைப் பின்னர்ச் சீர்திருத்தினர். சந்தையில் உலவிய அரைகுறை வடிவங்களைக் கண்டு மனம் நொந்து, 1983இல் தாமே ஒரு நிறுவனம் அமைத்துத் திருந்திய வடிவத்தை வெளியிட்டனர். ஆயினும் முதற்படியை உயரமாகக் கட்டிவிட்டு, ஏறாதவனைக் குறை சொல்வது எமக்கு உடன்பாடன்று. மற்றொரு குறையை நாமே சொல்ல வேண்டும். பேசிக் மொழியின் எளிமை ஆங்கிலம் அறிந்தவனுக்குரிய எளிமை. தமிழ்வழிப் பிள்ளைக்கு ஸ்டெப் என்பதும் ஓர் அயற்குறியே. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்னும் மொழியை முத்து அண்ணாமலை என்பார் இந்நூற்றாண்டில் உருவாக்கியுள்ளார். நம் இளைஞர்கள் அதையும் அறிய வேண்டும்.

1970இல் கெமெனி டார்ட்மத் கல்லூரியின் தலைவரானார். அக்கல்லூரி 1769இல் நிறுவப்பட்டதே அமெரிக்கப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதற்காக என்று அதன் சாசனம் கூறும். ஆனால் முதல் இருநூறு ஆண்டுகளில் அங்குப் பட்டம் பெற்ற பழங்குடியினர் இருபது பேர்கூட இல்லை. மக்கள் இல்லை, ஆனால் கல்லூரி விளையாட்டு அணிகளின் சின்னமாக மட்டும் பழங்குடியினரின் உருவம் இருந்தது. பதவியேற்றபோதே அப்பழைய வாக்குறுதியை நிறைவேற்றக் கெமெனி உறுதி பூண்டார். பழங்குடி மாணவர்களைத் தேடிச் சேர்த்தனர். 1972இல் அவர்தம் வரலாற்றையும் பண்பாட்டையும் பயிலத் தனிப்பிரிவு தோன்றியது. 1974இல் அச்சின்னம் கல்லூரியின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று ஆட்சிக் குழு அறிவித்தது. அன்று முதல் நூற்றுக்கணக்கான பழங்குடியினர் அங்குப் பட்டம் பெற்றுள்ளனர். ஆடவர்க்கே உரியதாயிருந்த கல்லூரியில் 1972இல் பெண்களும் சேர்ந்தனர். பழைய மாணவர் பலர் சினந்தனர். கெமெனி அசையவில்லை. தலைவராயிருந்த பதினோராண்டும் ஆண்டுக்கு இரண்டு பாடங்களை வகுப்பில் நின்று நடத்தினார்.

1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதை ஆராய அதிபர் கார்ட்டர் அமைத்த குழுவுக்குக் கெமெனி தலைமை தாங்கினார். நிலையத்தை இயக்கியோர் தவறிழைத்தனர் என்பது உண்மை. ஆனால் குழு அங்கே நின்றுவிடவில்லை. விபத்தின் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அபாய ஒலிகள் ஒருங்கே எழுந்தன. எது பெரிது, எது சிறிது என்று பிரித்தறிய வழியில்லை. கொடுத்த பயிற்சியும் எழுதிவைத்த நெறிமுறைகளும் போதாதவை. கருவியை அமைத்தவரும் பயிற்சி அளித்தவரும் கண்காணிக்க வேண்டியவரும் பொறுப்பேற்க வேண்டும் என்று அக்குழு அறிக்கையளித்தது. ஐந்து பிழைகளுக்கு மேல் அச்சிடாதே என்று 1964இல் முடிவு செய்தவரின் கை இவ்வறிக்கையிலும் தெரிகிறது என்பது நம் எண்ணம்.

1981இல் தலைமைப் பதவியைத் துறந்து மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பினார். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், மாரடைப்பால் காலமானார். கர்ட்ஸ் 2024 நவம்பர் வரை வாழ்ந்தார்.

நம் மாலை வகுப்பில் இப்போது முதல் நாள் இரண்டு வரி நிரலுக்கு மேல் கற்பிப்பதில்லை. மாணவர்கள் அடிக்கடி காணும் பிழைச்செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் உண்மையில் எதைச் சொல்ல வருகிறது என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மூடாத அடைப்புக்குறி அதில் முதலாவது. சென்ற வாரம் வெள்ளிவிழா அழைப்பிதழுடன் அப்பெண்ணின் வீட்டுக்கும் சென்றோம். அவள் கடையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அழைப்பிதழையும் அச்சுவரொட்டியின் படி ஒன்றையும் அவள் தாயாரிடம் கொடுத்து வந்தோம்.